அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும்

டிரைவிங் மாஸ்டருக்குத் தன் அண்ணன் மேல் இருந்த ஒரே மனக்குறை, அவர் பத்து நிமிஷம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டார் என்பதுதான். ஒரே முகம், ஒரே குரல், ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்த நடை. பெற்ற தாயே ஒருவனுக்கு இரண்டு தடவை சோறூட்டிவிட்டு இன்னொருவனைப் பட்டினி போட்ட நாள் உண்டு. பட்டினி கிடந்தது தான்தான் என்று மாஸ்டர் அடித்துச் சொல்வார்.

அதுகூடப் போகட்டும். அண்ணன் உடம்புக்கு எது வந்தாலும், வருஷம் திரும்புவதற்குள் அது விலாசம் விசாரித்துக்கொண்டு தம்பியிடம் வந்துவிடும். அம்மை அப்படித்தான் வந்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. வழுக்கை வந்தது, அதுவும் உச்சியில் அதே அகலத்துக்கு. சர்க்கரை வந்தது. “அவன் ட்ரெய்லர், நான் மெயின் படம்” என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு வாயோடு சரி. அண்ணன் ஒரு தும்மல் போட்டால் போதும், இவர் கை தானாகக் கைக்குட்டையைத் தேடும்.

முகம்தான் ஒன்று, குணம் ஏழாம் பொருத்தம். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். மாஸ்டரோ எழுபத்து மூன்று வயதிலும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, “பிரேக்கு, பிரேக்கு!” என்று தெரு அதிரக் கத்துகிற ஆள்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் என்னவோ ஜோராகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு, உட்கார்ந்த இடத்திலேயே இதயம் தாளம் தப்பிவிட்டது. ஒரு துடிப்பு ஓடும், ஒன்று நொண்டும், மூன்று சேர்ந்தாற்போல் முட்டி மோதிக்கொண்டு வரும். மானிட்டரில் ஓடிய கோடு சின்னப் பிள்ளை கிறுக்கியது போல் இருந்தது. இரண்டு நாள் போராடி டாக்டர்கள் அதைச் சரிக்கட்டினார்கள். அந்த இரண்டு நாளும் கட்டில் காலருகே நின்று அத்தனையையும் கண்ணால் பார்த்தவர் மாஸ்டர். மற்றவர்கள் பார்த்தது அண்ணனை. அவர் பார்த்தது தன்னை.

ஆகவே இந்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலித்து, “உங்களுக்கும் பைபாஸ்தான்” என்று பெரிய டாக்டர் சொன்னபோது, மாஸ்டர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார். “மாட்டேன்.”

மனைவி அழுது பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் வந்து எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“டேய், என்னைப் பாரு. எனக்கு வந்துச்சு, போச்சு. ஒரு வருஷமாச்சு. கல்லு மாதிரி இருக்கேன்ல?”

“மறுபடி வரவே இல்லையா?”

“சுத்தமா இல்ல. மாடிப்படி ஏறுறேன், இறங்குறேன். வேற என்னடா வேணும் உனக்கு?”

இதைக் கேட்டுத்தான் மாஸ்டர் தலையாட்டினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். மரபணு ஆராய்ச்சி செய்கிறவர். எல்லோருக்கும் அவர் ஜீன் டாக்டர். அண்ணனின் ரத்தத்தைப் போன வருஷமே எடுத்து வைத்திருந்தவர் அவர். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து அவர் அறைக்குள் நுழைந்தபோது, அந்தப் பெண் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“ஐயோ, ரெண்டு பேரா! ஒரே கருவுல உருவான இரட்டையரா? போன வருஷம் ஏன் சார் சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கலையேம்மா” என்றார் அண்ணன்.

ஜீன் டாக்டருக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “சொல்றேன் கேளுங்க. வயசானவங்களுக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணினா, ரெண்டு மூணு நாள்ல நிறைய பேருக்குத் துடிப்பு தாளம் தப்புது. எல்லாருக்கும் இல்ல. ஏன் இவருக்கு வருது, ஏன் அவருக்கு வரலைங்கிறதுதான் எங்க தேடல். வயசு ஒரு காரணம், ரத்த அழுத்தம் ஒரு காரணம். அதெல்லாம் போக, பிறக்கும்போதே கூட வர்ற சில ஜீன் மாற்றங்களும் இருக்கு. உங்க அண்ணன்கிட்ட அப்படி நாலஞ்சு இருக்கு.”

“அப்ப எனக்கும் அதே நாலஞ்சு” என்றார் மாஸ்டர்.

“அதேதான், ஒரு புள்ளி மாறாது. ஆனா இருந்தா வந்தே தீரும்னு இல்ல சார். வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். அதனாலதான் உங்க அண்ணனுக்குக் குடுக்காத ஒரு மாத்திரையை உங்களுக்கு முன்கூட்டியே ஆரம்பிக்கப்போறோம்.”

பேச்சின் முதல் பாதி மாஸ்டரின் மண்டையில் ஆணி அடித்தது போல் உட்கார்ந்துகொண்டது. பின் பாதி கதவு வரைக்கும்கூட அவரோடு வரவில்லை. வெளியே வந்ததும் மனைவியிடம், “மூணாம் நாள்” என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்தது. முதல் நாள் மயக்கத்தில் போயிற்று. இரண்டாம் நாள் வலியில் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மாஸ்டர் கண் விழித்ததும் முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

வார்டில் இரண்டு கட்டில் போட்ட இரண்டாம் நம்பர் அறை அது. இன்னொரு கட்டில் காலி. மாஸ்டரின் நெஞ்சில் அங்கங்கே வட்டமாக ஸ்டிக்கர்கள், அவற்றிலிருந்து கலர் கலராக வயர்கள், வயர்களின் முடிவில் கழுத்தில் தொங்கும் ஒரு துணிப்பைக்குள் சின்ன மானிட்டர் பெட்டி. இவர் நெஞ்சு துடிப்பது வராந்தாவில் நர்சுகள் உட்காரும் மேஜைத் திரையில் கோடாக ஓடும். அன்றைக்குக் காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் நலம் விசாரித்தது அவர் முகத்தைப் பார்த்து இல்லை, அந்தப் பெட்டியைப் பார்த்து. தலைமை நர்ஸ் சிஸ்டர் வந்து பார்த்தார். டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். ஜீன் டாக்டர் கதவருகே எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடினார்.

“பரீட்சை ரிசல்ட் பாக்குற மாதிரி வந்து வந்து பாக்குறாங்கடா” என்று மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணனிடம் புலம்பினார். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்து கையும் கழுவியாகிவிட்டது. அண்ணனுக்கு வந்த நேரம் அது. “இந்தப் பெட்டியைக் கழுத்துல கட்டிக்கிட்டு இப்படியே உக்காந்திருந்தா, வராததும் வந்துரும். எனக்கு வெளிக்காத்து வேணும்.”

“அதுக்கு?”

“ஒரு அரைமணி நீ மாட்டிக்கிட்டுப் படுத்துக்கோ. நான் அந்தக் கோடியில இருக்கிற பால்கனி வரைக்கும் போய் நின்னுட்டு வந்துடறேன்.”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “வேணாம்டா. விளையாட்டு இல்ல இது.”

“எத்தனை தடவை பண்ணியிருக்கோம்! உன் லைசென்ஸுக்கு டெஸ்ட் ஓட்டிக் காட்டினது யாரு? ரிவர்ஸ்ல ரெண்டு தடவை தூணை இடிச்சியே, மூணாவது தடவை உன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உன்னைக் காப்பாத்தினது யாரு?”

“அது கார். இது நெஞ்சு.”

“ரெண்டும் ஒரே நெஞ்சுதானேடா! ஜீன் டாக்டரே சொல்லிட்டாங்க, ஒரு புள்ளி மாறாதுன்னு.”

அண்ணன் கதவைப் பார்த்தார், தம்பியின் கெஞ்சுகிற மூஞ்சியைப் பார்த்தார். அது தன் மூஞ்சியே என்பதால் அவருக்கு எப்போதும் அதனிடம் கடுமையாக இருக்கத் தெரியாது. மேஜை இழுப்பறையில் உபரி ஸ்டிக்கர்கள் கிடந்தன. எந்தக் கலர் எங்கே என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சட்டை அவருக்கு மாறியது, அவருடைய கட்டம் போட்ட சட்டை மாஸ்டருக்கு மாறியது. வயர்களைக் கழற்றியதும் வராந்தாவிலிருந்து சிஸ்டரின் குரல் வந்தது.

“வயர் கழண்டிருக்கு! மாட்டுங்க!”

“இதோ மாட்டிட்டோம் சிஸ்டர்!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

நெஞ்சுத் தையலுக்கு ஆதரவாகத் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் சிஸ்டரின் மேஜையைக் கடந்து போனார். “தம்பி தூங்கறான்” என்று வேறு ஒரு போடு போட்டார். சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பால்கனியில் வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. ஆகா, அந்தக் காற்று! மாஸ்டருக்கு மூன்று நாளில் முதன்முறையாக உயிர் வந்தது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு ஆள் இரண்டு கார்களுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். கத்த முடியாதே, தையல் பிரிந்துவிடும். தலையணையை இறுக்கிக்கொண்டு, “ஒடி, இடப்பக்கம் ஒடி, ஐயோ, ஒடிய்யா” என்று வாய்க்குள்ளேயே முனகினார். வலது கால் தானாகத் தரையில் பிரேக் போட்டது. மூன்றாம் நாளாவது, நாலாம் நாளாவது! எல்லாம் மறந்துபோயிற்று.

அப்போதுதான் வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டது. கீய்ங் கீய்ங் என்று திரை அலறியது. தடதடவென்று காலடிகள். “ரெண்டாம் நம்பர் ரூம்! தாளம் தப்பிருச்சு! டாக்டரைக் கூப்பிடு!”

வந்தேவிட்டது. சொன்னேனே, யாராவது கேட்டார்களா? மாஸ்டர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுவதற்குத் தயாராகக் கண்ணை மூடினார். விழவில்லை. கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அது பாட்டுக்குத் திடும் திடும் என்று, பயத்தில் கொஞ்சம் வேகமாக, ஆனால் வரிசையாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லையே, பின்னே எதற்கு அங்கே அலறுகிறது என்று ஒரு கணம் விழித்தார்.

அப்புறம்தான் உறைத்தது, பெட்டி யார் கழுத்தில் இருக்கிறது என்று.

எப்படி நடந்து வந்தார் என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே தெரியாது. நெஞ்சு பிளந்து மூன்றாம் நாள் ஆன மனிதர் ஓடக்கூடாது. ஓடவில்லை. ஆனால் அவ்வளவு வேகமாக யாரும் நடந்ததும் இல்லை. அறைக்குள் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். டியூட்டி டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். ஜீன் டாக்டர் கையில் செல்போனோடு, “மூணாம் நாள், அதே காலை நேரம், அண்ணனுக்கு மாதிரியே! மாத்திரை குடுத்தும் வந்திருக்கு!” என்று யாருக்கோ மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் அண்ணன், போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், நிறுத்துங்க! அது நான் இல்ல!”

சிஸ்டர் திரும்பி மாஸ்டரின் தோளைத் தட்டினார். “பெரியவரே, பதறாதீங்க. தம்பிக்கு ஒண்ணும் ஆகாது. வெளில உக்காருங்க.”

“நான்தாம்மா தம்பி! அவன்தான் பெரியவர்!”

“அதிர்ச்சில என்ன பேசறோம்னே தெரியல பாவம்” என்றார் சிஸ்டர்.

இதற்கு மேல் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று மாஸ்டர் கட்டம் போட்ட சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழே பட்பட்டென்று கழற்றினார். நெஞ்சு நடுவில் புத்தம் புதுக் கட்டு. அதே நேரத்தில், ஊசி போடுவதற்கு முன் பெயர்ப் பட்டையைச் சரிபார்க்கக் கட்டிலில் கிடந்தவரின் மணிக்கட்டைத் தூக்கிய டியூட்டி டாக்டர், அங்கே பட்டையே இல்லாததைப் பார்த்தார். போர்வையை விலக்கினார். நெஞ்சில் ஒரு வருஷத்துத் தழும்பு, ஆறி வெளுத்துப் போய் இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது சிஸ்டர்தான். திறந்தாரே ஒழிய மூடவில்லை.

“பேரன் பேத்தி எடுத்த வயசா இது? ஆஸ்பத்திரின்னு நினைச்சீங்களா, டிராமா கொட்டகைன்னு நினைச்சீங்களா? அவருக்குப் போட வேண்டிய மருந்து இவருக்கு ஏறியிருந்தா யாரு பொறுப்பு? உங்களைக் கட்டில்ல கட்டிப் போட்டிருக்கணும்!”

“கட்டிப் போடுங்க சிஸ்டர், ஆனா அப்புறம்” என்றார் டியூட்டி டாக்டர். அவர் கண் திரையை விட்டு அகலவில்லை. “சேட்டை கிடக்கட்டும். இந்த வயர் இப்ப இவர் நெஞ்சுலதானே இருக்கு? அப்ப இந்தத் துடிப்பு இவரோடது. தாளம் தப்பியிருக்கிறது அண்ணனுக்கு. போன வருஷம் வந்தது மறுபடி வந்திருக்கு.”

ஜீன் டாக்டர் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கட்டில் பக்கத்தில் வந்து மெல்லக் குனிந்தார். “சார், எப்பலேர்ந்து இப்படி இருக்கு? படபடப்பு, மூச்சு வாங்கறது, ஏதாவது?”

“இப்பதாம்மா. பெட்டியை மாட்டினதுக்கு அப்புறம்தான். காலைல நல்லாத்தான் இருந்தேன்.”

“இப்பதான்னா சரி. அதே ஊசி இவருக்கும் சரிதான், சட்டுன்னு ஒழுங்காயிடும்” என்று டியூட்டி டாக்டர் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார்.

மாஸ்டர் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் பார்வை ஒரு கணம் தம்பி பக்கம் வந்து, சடாரென்று ஜன்னலுக்கு ஓடியது. கீழ் உதட்டின் இடது ஓரம் உள்ளே மடிந்திருந்தது. அந்த முகத்தை மாஸ்டருக்குத் தெரியும். சர்க்கரை இருந்தும் இனிப்பைத் தின்றுவிட்டு, மனைவி கேட்டால் இல்லை என்று சாதித்துவிட்டு, கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் அவரே எத்தனையோ தரம் பார்த்த முகம்தான் அது.

“பொய் சொல்றான் டாக்டர்.”

“டேய், சும்மா இரு.”

“பச்சைப் பொய்! இது என் மூஞ்சி டாக்டர், எனக்குத் தெரியாதா? நான் பொய் சொன்னா இப்படித்தான் இருக்கும். ஊசியைக் கீழ வைங்க.” மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்தார். “சொல்லுடா. எத்தனை நாளா?”

அண்ணன் சீலிங்கைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் தம்பியைப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா.”

டியூட்டி டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அண்ணனைப் பார்த்தார்.

“மாடிப்படி ஏறினா நெஞ்சுக்குள்ள என்னமோ மீன் துள்ளுற மாதிரி துள்ளும். அப்புறம் நிக்கும்னு நினைச்சுக்குவேன். நின்னுச்சா இல்லையான்னுகூட இப்பத் தெரியல.”

“ரெண்டு மாசமா! கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னியே! என் எதிர்ல உக்காந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னியேடா!”

“சொன்னா நீ ஆபரேஷனுக்கு வந்திருப்பியா?” அண்ணனின் குரல் உயர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. “அவனுக்கு மறுபடி வந்துருச்சு, எனக்கும் வரும்னு வீட்லயே படுத்திருப்ப. அடைப்பு எத்தனை இருந்துச்சு உனக்கு? மூணு! ஒரு நாள் ரோட்டுல வண்டிலயே போயிருப்ப. முதல்ல உன்னுது முடியட்டும், அப்புறம் போய்க் காட்டிக்கலாம்னு இருந்தேன். இப்பக்கூட... இன்னிக்கு உனக்கு மூணாம் நாள்டா. இதைக் கேட்டு உனக்கும் ஆரம்பிச்சுட்டா நான் என்ன பண்ணுவேன்?”

மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. அழுகையும் கூடவே ஏறியது. இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல், “போடா லூசு” என்று மட்டும் சொன்னார்.

டியூட்டி டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. “ரெண்டு மாசம்னா கதையே வேற. துடிப்பு இப்படி ஒழுங்கில்லாம இருந்தா, உள்ள ரத்தம் தேங்கி உறைஞ்சிருக்கலாம். அதைப் பார்க்காம ஊசி போடக்கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா?”

“நாலு மாசம் சாப்பிட்டேன். அப்புறம் நல்லாயிட்டேன்னு நானே நிறுத்திட்டேன்” என்றார் அண்ணன்.

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் பறந்தது. அண்ணனைத் தள்ளு வண்டியில் ஏற்றி, தொண்டை வழியாகக் குழாய் விட்டு இதயத்தை உள்ளிருந்து பார்க்கும் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்டரைக் கட்டிலில் உட்கார வைத்துப் புது ஸ்டிக்கர், புது வயர், பழைய பெட்டி. மருந்துப் பையோடு மேலே வந்த மனைவிக்குச் சிஸ்டர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். மனைவி கணவனை ஒரு பார்வை பார்த்தார். மாஸ்டர் அசடு வழிந்தார்.

“மாமா மட்டும் நல்லபடியா திரும்பி வரட்டும். உங்க ரெண்டு பேருக்கும் வெச்சிருக்கேன்” என்றார் மனைவி. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீன் டாக்டர் மட்டும் கீழே போகவில்லை. வராந்தாத் திரைக்கும் இந்த அறைக்குமாக நடையாய் நடந்தார். ஒரு முறை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “சார், ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கத்தினீங்க, நடந்தீங்க, அழுதீங்க. உங்க துடிப்பு வேகமா ஓடுது. ஆனா வரிசையா ஓடுது! ஒண்ணுகூடத் தப்பலை!” என்றார். அந்தப் பெண்ணின் கண் மின்னியது.

“அப்ப மாத்திரை வேலை செஞ்சிருச்சா?”

“தெரியாது சார். மாத்திரையா இருக்கலாம், அதிர்ஷ்டமா இருக்கலாம். ரெண்டு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு நான் எதையும் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே ஜீன், ஒரே ஆபரேஷன், ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு இதுவரைக்கும் வரல பாருங்க! ஏன்னு கண்டுபிடிக்க இன்னும் எத்தனை பேரைத் தேடிப் பார்க்கணும்னு நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது!”

மாஸ்டர் சும்மா தலையாட்டினார். தன் நெஞ்சு ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர் அந்த ஒரு மணி நேரமாக நினைக்கவே இல்லை. அவர் காது முழுக்க லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. திறந்தது. சாப்பாட்டு வண்டி வந்தது. மறுபடி திறந்தது. யாரோ ஒரு பெண் பூங்கொத்தோடு வந்தாள். மூன்றாவது தடவை திறந்தபோது தள்ளு வண்டி வெளியே வந்தது, பக்கத்தில் டியூட்டி டாக்டர்.

அண்ணனை அதே அறையில் காலியாக இருந்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். தொண்டை மரத்துப் போயிருந்ததால் அவரால் பேச முடியவில்லை. டாக்டர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, பொதுவாகப் பேசினார்.

“இதயத்தோட இடது மேல் அறையில ஒரு சின்னப் பை மாதிரி இடம் உண்டு. அதுல ரத்தக்கட்டி இருக்கு. சுண்டு விரல் நகம் அளவு.”

மனைவி மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஊசியைப் போட்டிருந்தா?” என்று கேட்டார் மாஸ்டர்.

“துடிப்பு சட்டுன்னு ஒழுங்குக்கு வந்திருக்கும். அந்த உதைல கட்டி கிளம்பி நேரா மூளைக்குப் போயிருக்கலாம். போடாம வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் என்னிக்காவது ஒரு நாள் அதேதான் நடந்திருக்கும்.” டாக்டர் மூச்சை இழுத்து விட்டார். “இப்ப பயமில்ல. கட்டி கரையிறதுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. சில வாரம் ஆகும். கரைஞ்சதும் தாளத்தைச் சரி பண்ணிடலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தினீங்கன்னா நான் வீட்டுக்கே வந்து சண்டை போடுவேன்.”

பிழைத்துவிட்டான். அதுதான் விஷயம், மற்றதெல்லாம் அப்புறம். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்தது, சிரித்தால் தையல் சுண்டியது, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு “ஐயோ, ஐயோ” என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது. வராந்தாவில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாலும்.

எல்லோரும் போன பிறகு அண்ணனுக்கு மெல்லக் குரல் வந்தது, கரகரவென்று.

“டேய்.”

“பேசாதடா. தொண்டை புண்ணாகும்.”

“நான் சொல்லியிருந்தா நீ ஆபரேஷனுக்கு வந்திருக்க மாட்ட. நீ வரலைன்னா அந்தப் பெட்டி என் கழுத்துக்கு வந்திருக்காது. அப்ப நான் மறைச்சது நல்லதாத்தானே போச்சு?”

கேட்டீர்களா அநியாயத்தை! மாஸ்டர் துள்ளி எழப் பார்த்தார், முடியவில்லை. கையை ஓங்கப் பார்த்தார், நெஞ்செலும்பு கெஞ்சியது.

“ஆறு வாரத்துக்குக் கையைத் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது முடிஞ்ச அன்னிக்கே உன் வீட்டுக்கு வந்து, உன் கன்னத்துல பளார்னு ஒண்ணு விடறேனா இல்லையா பாரு!”

அண்ணன் பக்கத்துக் கட்டிலில் தம்பியின் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.

“வாடா” என்றார். “நான் இருப்பேன்.”